லாரிக்குள் ஓர் அட்டை

இருபத்தோர் அட்டைகள் வெளுத்துப்போய் வந்திருந்தன. முத்தமிழின் அட்டை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்கலாமா கூடாதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. யார் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம், நாமே பார்ப்போம் என்று ஹஃபீசா டீச்சர்தான் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் தேங்காய் எண்ணெய் தடவிய கறுப்பு அட்டைகளைக் கொடுத்து, தூசி ஒட்டும்படி ஒரு வாரம் வீட்டு வாசலில் தொங்கவிடச் சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் இன்று சுவரில் ஒட்டுவதாக இருந்தது.

"இவ வூடு லாரி போற ரோட்டு மேலயே இருக்கு டீச்சர். அங்க மட்டும் தூசி லீவு போட்டுடுச்சா?" என்றான் பாலாஜி. வகுப்பு சிரித்தது. "இவங்கப்பாதான் கல்லு லாரி ஓட்டுறாரு. தார்ப்பாய்கூட போட மாட்டாரு."

முத்தமிழ் தலையைத் தூக்கவில்லை. அவள் பாவாடை ஓரத்தில் எண்ணெயும் வெள்ளைத் தூசியும் குழைந்த கறை இருந்தது. ஹஃபீசாவுக்குச் சுருக்கென்றது. தூசியைக் காட்டத்தான் நினைத்தாள். இந்தப் பிள்ளைக்கு அது தகப்பனைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிட்டது. துபாயில் கட்டட வேலை பார்த்த தன் அத்தாவை யாராவது ஒரு சொல் சொல்லியிருந்தால் சின்ன வயதில் அவளும் இதைத்தான் செய்திருப்பாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் முத்தமிழை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"தொடச்சிட்டியாம்மா?"

"எங்கப்பா கெட்டவரு இல்ல டீச்சர்."

"நா அப்படிச் சொல்லலயே."

"செவுத்துல ஒட்டுனா எல்லாரும் சொல்லுவாங்க. சொன்னா நா பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டேன்."

ஹஃபீசா மனதுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டு இன்னோர் அட்டையில் எண்ணெய் தடவினாள். "இத வாசல்ல மாட்டாத. லாரியில, அப்பா ஒக்கார்ற எடத்துல மாட்டச் சொல்லு. நாள் முழுக்க அதுக்குள்ள இருக்குறது அவருதான?"

அடுத்த வாரம் முத்தமிழின் அப்பா வைத்திலிங்கமே அட்டையோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்பு வாசலில் நின்றார். இமை முடிவரை வெளுத்திருந்தது. அட்டையில் கறுப்பே தெரியவில்லை.

"இம்புட்டையும் நாந்தான் உள்ள இழுத்துக்கிட்டு இருக்கேன் போல." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "சொரங்கத்துல தார்ப்பாய் கேட்டா, கட்டி அவுக்குற நேரத்துல ஒரு நடை கொறையுதுங்கறாங்க டீச்சர். இதையும் ஒட்டுவீங்களா?"

பாலாஜிதான் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். முத்தமிழ் தன் பையிலிருந்து அந்தத் துடைத்த அட்டையையும் எடுத்து, அப்பாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் அவர் லாரி கல்லேற்றிக்கொண்டு வந்தது. மேலே தார்ப்பாய் இல்லை. பள்ளிக்கூடச் சுவர் தொடங்கிய இடத்திலிருந்து அது முடியும்வரை, தூசி கிளம்பாமல் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. முத்தமிழ் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பின்னால் வரிசையாக நின்ற லாரிகள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.