மாமிக்கு ஒரு விறகுக் கொட்டகை

மார்கழி பிறந்த அன்று பெய்த மழையில் பெனிஸ்டன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது அவன் மகளுக்கு வயது எட்டு நாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன் அவன். எவ்வளவு பெரிய பாரமானாலும் எங்கே எடுத்து எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியும். அன்று குழந்தையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, தையல் ஆறாத மனைவி பெர்சியை மற்றக் கையால் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது மட்டும் எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை.

எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து கோமளவல்லி மாமி சத்தம் போட்டாள். "தம்பி, அங்கேயே நின்னுண்டு என்ன யோசனை? குழந்தையைக் கொண்டு வாங்கோ இங்கே!"

மாமிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். கணவர் காலமான பிறகு கல்யாண வீடுகளுக்கு முறுக்கும் சீடையும் அதிரசமும் சுட்டுக் கொடுத்துத் தனியாகக் காலம் தள்ளுகிறவள். மாடியில் தகரக் கூரைக்குக் கீழே பெரிய விறகடுப்பு. கேஸ் அடுப்பில் இரும்புச் சட்டி காய்ந்து முடிப்பதற்குள் மாவு புளித்துவிடும் என்பாள். தை மாதக் கல்யாணங்களுக்காக, நன்றாகக் காய்ந்த உடைமர விறகை வாங்கிப் படிக்கட்டு அறையில் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தாள்.

அந்த விறகுதான் அடுத்த நாலு நாளும் தெருவைக் காப்பாற்றியது. கரண்ட் இல்லை. சிலிண்டர்கள் தண்ணீரில் மிதந்தன. மாடிக்கு வந்து சேர்ந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கும். காலையில் கஞ்சி, மாலையில் சோறும் ஒரு துவையலும். நடுநடுவே பெர்சிக்கும் குழந்தைக்கும் தனியாக வெந்நீர். வடிந்த தண்ணீரோடு எல்லாரும் வீடு திரும்பியபோது படிக்கட்டு அறையில் ஒரு சுள்ளி பாக்கியில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மாமி மாடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பெனிஸ்டன் பார்த்தான். அடுப்பிலிருந்து புகைதான் வந்தது.

"என்ன மாமி, தீ பிடிக்கலியா?"

"எந்த விறகுக்கடையிலே கேட்டாலும் ஈரம்தான் தம்பி. ஊர் பூரா நனைஞ்சு கிடக்கு. தீ மந்தமா எரிஞ்சா முறுக்கு எண்ணெயைக் குடிச்சுடறது. ரெண்டு கல்யாணத்துக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் புகாராகச் சொல்லவில்லை. ஆனால் பெனிஸ்டனுக்கு அன்று கிடங்கில் வேலை ஓடவில்லை. சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் கேட்டு, உடைந்து ஒதுக்கிப் போட்ட, சரக்கு ஏற்றும் மரத் தட்டுகளான பேலட்டுகளில் பதினாறைத் தேர்ந்தெடுத்தான். பூச்சி மருந்துப் புகை போட்டதற்கு முத்திரை குத்திய பேலட்டுகளைத் தொடவில்லை. சூட்டில் பதப்படுத்தியவற்றை மட்டும் எடுத்தான். தின்பண்டம் சுடுகிற இடமல்லவா. கேட் பாஸ் வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மாமி வீட்டு வாசலில் இறக்கினான்.

"இது எதுக்கு?" என்றாள் மாமி.

"பச்சை விறகை வாங்கி நம்மளே காயப்போடுவோம் மாமி. மாடியில ஒரு கொட்டகை அடிச்சித் தாரேன்."

"நான் என்ன செஞ்சுட்டேன்னு இப்படி? யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பா."

"யாரா இருந்தாலும்னு நீங்க சொல்லுதீங்க. செஞ்சது நீங்கதானே."

மாமி காபி போட உள்ளே போனாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து வேலை பார்த்தான். பேலட்டுகளைப் பிரித்துச் சட்டம் கட்டினான். அடியில் செங்கல் வைத்து முழ உயரம் தூக்கினான். பிறகு நாலு பக்கமும் தகரம் அடித்து, கதவும் வைத்துப் பூட்டினான். ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாது. தேவபிரசாதம் அண்ணாச்சி விறகுக்கடையிலிருந்து வந்த பச்சை உடை விறகைப் பிளந்து, கயிறு கட்டி மேலே இழுத்து நெருக்கமாக அடுக்கினான். மாமிக்கு ஒரே சந்தோஷம்.

மாசி மாதக் கடைசியில் கதவைத் திறந்தபோது குப்பென்று புளித்த வாடை அடித்தது. கட்டைகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை தம்பி, துடைச்சுக்கலாம்" என்றாள். அந்த வார்த்தைதான் அவனை அதிகமாகக் குத்தியது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன் பெர்சியிடம் சொன்னான்.

"எட்டு வருசமா கன்டெய்னரோட கிடக்கேன். அடைச்ச பெட்டிக்குள்ள சரக்கு வேர்க்கும்னு எனக்குத் தெரியாதா? ஈரச் சரக்கை உள்ள வச்சிப் பூட்டிட்டேனே. விறகுக்கு மழைதான் எதிரின்னு நினைச்சிட்டேன் ஏளா."

பெர்சி குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மாமி சொல்லக் கூடாதுன்னாவ" என்றாள். "கடைசி நாள் காலையில நீங்க படகுக்காரங்களைப் பார்க்கப் போயிருந்தீங்கல்லா. அப்ப விறகு தீந்துட்டு. பிள்ளைக்கு உடம்பு சில்லுன்னு ஆயிட்டு. மாமி உள்ள போயி, அவங்க கல்யாணத்துல உக்காந்த மணைப் பலகை ரெண்டையும் கொண்டாந்து அருவாளால பிளந்தாவ. அதுலதான் வெந்நீர் போட்டாவ."

பெனிஸ்டன் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தான். கதகதப்பாக இருந்தது.

மறு ஞாயிறு மூன்று பக்கத் தகரத்தையும் கழற்றினான். வாடைக்காற்று மழையை அள்ளிக்கொண்டு வரும் பக்கத்தில் மட்டும் விட்டுவைத்தான். மற்றப் பக்கங்களில் பலகைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு அடித்தான். கூரையை ஒரு சாண் வெளியே நீட்டி, தண்ணீர் தெறிக்காதபடி சரித்தான். பூசணம் பிடித்த கட்டைகளை வெயிலில் பரப்பி, பிறகு நெருக்காமல், ஒரு வரிசை நீளமாகவும் ஒரு வரிசை குறுக்காகவும் அடுக்கினான். சாரல் பட்டால் வழிந்தோட, மேல் வரிசையில் மரப்பட்டை மேலே பார்க்க வைத்தான்.

மாமிக்கு விறகு சேர்ப்பதைப் பெர்சி ஒவ்வொரு வீடாகச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. மழைநாளில் மாடியில் சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஞானதீபம் தோட்டத்தில் சாய்ந்த புளியமரத்தின் கிளைகளை வெட்டி அனுப்பினார். ஆட்டோ ஓட்டும் வெள்ளத்துரை எங்கிருந்தோ முந்திரிக் கட்டைகளைக் கொண்டுவந்து போட்டான். கொட்டகை நிரம்பி, பக்கத்தில் இன்னொரு சட்டம் அடிக்க வேண்டியதாயிற்று. மாமி வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டே, "இதென்ன கூத்து, இதென்ன கூத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து பெனிஸ்டன் பார்த்ததில்லை.

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று உப்பளங்களைத் தாண்டி அனலாக வீசி, பலகை இடுக்குகளில் விசில் அடித்தது. கட்டைகளின் முனை வெடித்தது. பச்சை நிறம் போய்ச் சாம்பல் நிறம் பூத்தது.

ஐப்பசியில் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்க, மழை கொட்டிய ஒரு காலையில் மாமி அவனைக் கூப்பிட்டாள். கொட்டகையிலிருந்து இரண்டு கட்டைகளை உருவி ஒன்றோடொன்று தட்டினாள். 'டணக்' என்று கேட்டது. அடுப்பில் வைத்ததும் புகையில்லாமல் தீ பிடித்து, சட்டியின் அடியை வளைத்து எரிந்தது. முறுக்குகள் எண்ணெயில் பொரிந்து மேலே மிதந்தன.

அந்தத் தைரியத்தில் பெனிஸ்டன் கேட்டுவிட்டான். "மாமி, அந்த மணையை ஏன் பிளந்தீங்க? மாமா ஞாபகமா இருந்ததில்லா?"

மாமி கரண்டியை நிறுத்தவில்லை. "பெர்சி சொல்லிட்டாளா? குழந்தை நடுங்கறது, மணையைக் கட்டிண்டு உக்காந்திருக்கவா முடியும்? அவர் இருந்தா என்னைக் கேக்காமலே பிளந்திருப்பார்."

நன்றி என்ற வார்த்தை அவன் நாக்கு வரை வந்து, சிறியதாகத் தெரிந்ததால் அங்கேயே நின்றது. குனிந்து இன்னொரு கட்டையை அடுப்பில் தள்ளினான்.

மத்தியானம் மழை விட்டது. வேம்பாரில் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போகவேண்டிய நான்கு தகர டின்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனான். கண்டக்டர் டின்களை வாங்கி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"வண்டி பூரா மணக்குதே அண்ணாச்சி. எந்தக் கடைச் சரக்கு?"

"கடைச் சரக்கு இல்ல" என்றான் பெனிஸ்டன். "எங்க மாமி சுட்டது."