திருட்டுத் தீனி

முனிராஜுக்குத் தெரியாமல் மமதா ஒரு இட்லிகூடத் தின்ன முடியாது. அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார் மனிதர். எடை, சாப்பாடு, தண்ணீர், தூக்கம், ஓட்டம் என்று ஐந்து கட்டம் போட்டுப் பதினான்கு மாதமாக ஒரு நாள் விடாமல் நிரப்பியிருந்தார். வைட்ஃபீல்டு கம்பெனி ஒன்றுக்கு வண்டி ஓட்டுகிறவர். ஷிஃப்டுக்குப் போகுமுன் மர்பி டவுன் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருவார். மமதா அவருடைய அண்ணன் மகள், அவரிடமே குத்துச்சண்டை பழகுகிறவள். அவள்மேல்தான் உயிரை வைத்திருந்தார். சந்தேகமும் அவள்மேல்தான்.

சந்தேகத்துக்குக் காரணம் அந்த நோட்டுதான். மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் அவள் எடை ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறும். பிறகு தானாக இறங்கிவிடும். ஏறிய நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுப் பக்கத்தில் 'திருட்டுத் தீனி' என்று எழுதி வைப்பார் சித்தப்பா.

அந்த நாட்களில் விரல் தடித்துக் கையில் சுற்றும் பட்டை இறுக்கும். கணுக்காலில் சாக்ஸின் அச்சு விழும். ஏன் என்று மமதாவுக்குத் தெரியும். மாதவிலக்குக்கு முன் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, வந்தபின் விட்டுவிடுகிறது. ஆனால் இதைச் சித்தப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் என்பார்கள். இவள் திருடவே இல்லை, தேள் மட்டும் கொட்டியது.

மாநில அணித் தேர்வு மூன்றாம் தேதி என்று அறிவிப்பு வந்ததும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுக்கும் மூன்றாம் தேதிதான். நாற்பத்தெட்டு கிலோவுக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள். வயதுக் கணக்கில் அந்தப் பிரிவில் அவளுக்கு இதுவே கடைசி வருடம். மானத்தைப் பார்த்தால் ஆகாது என்று சித்தப்பாவிடம் போய் நின்றாள்.

"சித்தப்பா, டேட்டு..."

தோழிகளிடம் அந்த ஒரு சொல் போதும், மிச்சம் புரிந்துவிடும்.

"டேட்டுக்கு இன்னா? நமக்காவ மாத்துவாங்களா? நீ வாயக் கட்டு, அது போதும்."

கட்டினாள். மூன்று நாள் அரை வயிறு, கடைசி நாள் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர். ரெயின்கோட் மாட்டிக்கொண்டு அல்சூர் ஏரிக்கரையில் ஓடினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஆனால் கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. உடம்பு முழுக்கத் தண்ணீர், தொண்டையில் ஒரு சொட்டு இல்லை. இந்தக் கொடுமையை யாரிடம் போய் அழுவது?

மூன்றாம் தேதி காலை எடைமேடை நாற்பத்தெட்டு முன்னூறு காட்டியது. அரை மணி நேரம் தந்தார்கள். கண் இருட்டும்வரை கயிறு தாண்டிவிட்டு மறுபடி ஏறினாள்.

"இன்னும் எரநூறு கிராம் ஜாஸ்தி. ஆகல்ல சார்," என்று முனிராஜிடம் சொல்லிப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார் எடை பார்த்த ஷோபா மேடம்.

வெளியே வந்ததும் முனிராஜ் நோட்டை அவள் மடியில் வீசினார்.

"இன்னா துன்ன? இப்பவாவது உண்மைய சொல்லு!"

"டேட் வந்துருச்சி சித்தப்பா. பொம்பளைங்களுக்கு வர்ற டேட்டு. மாசாமாசம் அதுக்கு முன்னாடி ஒடம்புல தண்ணி நின்னுக்கும். நீங்க வட்டம் போட்டதெல்லாம் அதான்."

அவள் அழவில்லை. அழுவதற்கும் தண்ணீர் வேண்டுமே.

முனிராஜ் நோட்டை எடுத்துப் புரட்டினார். மாதம் தவறாமல் ஒரு கொத்துச் சிவப்பு வட்டம். நாட்களை எண்ணினார், மறுபடி எண்ணினார். அவர் கையெழுத்தே அவருக்குச் சாட்சி சொன்னது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"வந்தனே சித்தப்பா. டேட்டுன்னனே."

அவர் நோட்டை மூடினார்.

தேர்வு முடிந்த ஐந்தாம் நாள், பழக்கத்தில் எடைமேடையில் ஏறினாள். வேளைக்குச் சாப்பிட்டு, வயிறு நிறையத் தண்ணீரும் குடித்திருந்தாள்.

"நாப்பத்தேழரை," என்று முணுமுணுத்தார் முனிராஜ். நோட்டைத் திறந்து எழுதினார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டிக்கொண்டு போய், 'திருட்டுத் தீனி' என்றிருந்த இடத்தையெல்லாம் அதே சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். மாநில அணி அன்று காலைதான் ரயில் ஏறியிருந்தது.