காங்கடிச் சூடு

தால் ஏரியின் படகுச் சந்தையில் சோனாவுல்லா கீரையும் தாமரைத் தண்டும் விற்பவர். பனிக்காலத்தில் படகு முனையில் குந்திக்கொண்டு, உள்ளே மண்சட்டியில் கரி கனலும் காங்கடிக் கூடையை அங்கிக்குள்ளே தொடையிடுக்கில் வைத்துக்கொள்வார். இங்கே எல்லோருமே அப்படித்தான்.

ஒருநாள் அவர் சல்வாரைத் துவைத்த மனைவி ரஹ்தி, அதில் ரத்தக் கறையைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"சூடு பட்டுச்சு. ஆறிடும்."

"போன மாசமும் கறை இருந்துச்சே. காட்டுங்க."

உள்தொடையில் வலை பின்னினாற்போல் பழுப்புத் தழும்பு. அது அவளுக்கும் உண்டு. ஆனால் அதன் நடுவே ஓரம் தடித்த ஒரு புண்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அங்க போய் இதை எப்படிடீ காட்டுறது? மானம் போயிடும்."

"மூணு புள்ள பெத்தேனே, நான் எதைக் காட்டிப் பெத்தேன்? பேசாம வாங்க."

போனால், டாக்டர் ஒரு பெண். ஷாயிஸ்தா என்று பெயர். சோனாவுல்லா வாசலைப் பார்த்துத் திரும்பினார். ரஹ்தி அவர் அங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் புண்ணில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார். "இது செதிள் செல் புற்றுநோய். தோலோட மேலடுக்குல வர்றது. மத்த ஊர்ல பெரும்பாலும் வெயிலால வரும். உங்களுக்குக் காங்கடியால வந்திருக்கு. வருஷக்கணக்கா ஒரே எடத்துல சூடு பட்டா செல்லுங்க கெட்டு, தாறுமாறா வளர ஆரம்பிச்சிடும்."

"எங்கப்பாவும்தானே வச்சிருந்தாரு. அவருக்கு வரலையே?"

"எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வந்திருக்கு. நல்லவேளை, தொடையிடுக்குல நெறி கட்டலை, பரவலைன்னு அர்த்தம். இப்பவே வெட்டி எடுத்துட்டா நல்லாயிடுவீங்க."

 திரும்பும்போது படகில் அவர், "இத்தனை குளிர்லயும் என்னைக் காப்பாத்துனதே அந்தக் காங்கடிதானே" என்றார். ரஹ்தி துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

புண்ணைச் சுற்றி அகலமாக வெட்டி எடுத்து, மற்றத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வெட்டிய ஓரங்களில் புற்று மிச்சமில்லை என்று அறிக்கை வந்த அன்று ரஹ்தி அழுதாள். அவர் சாப்பாடு கேட்டார்.

சந்தைக்குத் திரும்பியவர் படகு படகாகப் போய், "தொடையில ஆறாத புண்ணு எதுவும் இருக்காடா?" என்று விசாரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். டர்னிப் விற்கும் அஸீஸ் மட்டும் சந்தை கலைந்ததும் தன் படகை அவர் படகோடு ஒட்டி நிறுத்தினான்.

"மரு மாதிரி ஒண்ணு இருக்குண்ணே. அப்பப்போ ரத்தம் வருது."

"நாளைக்கு வா, நானே கூட்டிட்டுப் போறேன். டாக்டர் பொம்பளைதான். கண்ணை மூடிக்க, முடிஞ்சிடும்."

அஸீஸுக்கும் அதே நோய்தான், ஆனால் சின்னதாக இருந்தது, சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்த கையோடு சந்தைக்கு வந்தவன், முதல் வேலையாகக் கீரையும் ஏற்றிவந்து சோனாவுல்லாவைவிட மலிவாக விற்றான்.

"அடப்பாவி, உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் பாரு!" என்று கத்தினார் அவர்.

"அதனாலதாண்ணே தெம்பா வியாபாரம் பண்றேன்" என்று சிரித்தபடி படகைத் தள்ளினான் அஸீஸ்.