ஒரு முழுச் சுற்று

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு குடும்பம் என்று அவன் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்தவள் அவள். இளையவள், ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் நிற்கிற சைக்கிள். சொன்னதில் பொய்யும் இல்லை. இளையவளுக்கு வாரம் தவறாமல் குளியல் உண்டு. அவள் சங்கிலிக்குத் தனி எண்ணெய், தனித் துணி, தனி பிரஷ். அந்தப் பிரஷ்ஷை ஒருநாள் மறதியாகக் குளியலறையில் வைத்துவிட்டு வந்தான். மகள் வாயெல்லாம் கறுப்பாக வெளியே வந்து நின்றதை அந்த வீடு இன்னும் மறக்கவில்லை. பால்கனிக் கொடியில் துணிகளுக்கு நடுவே எந்நேரமும் ஒரு சக்கரம் தொங்கும்.

இளையவளுக்கென்று வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. பெடலைப் பின்பக்கமாக யாரும் சுற்றக் கூடாது. மகள் குழந்தையாக இருந்தபோது அந்த டிக் டிக் சத்தத்துக்காகவே ஓடி வந்து சுற்றுவாள். "பின்னாடி சுத்தாத, சங்கிலி கழண்டுக்கும்" என்று அவன் போட்ட சத்தத்தில் அந்த ஆசையே அவளுக்கு விட்டுப்போனது. ஞாயிறு மாலை சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது அவன் மட்டும் சுற்றுவான். சட்டம் போட்டவருக்குச் சட்டம் கிடையாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே.

உடன்படிக்கை ஒன்றும் இருந்தது. ஞாயிறு காலை அவனும் சைக்கிளும் எங்கு வேண்டுமானாலும் போகலாம். பதிலுக்கு வாரத் துணியெல்லாம் துவைப்பது, குளியலறை கழுவுவது, மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தருவது மூன்றும் அவன் தலையில். இதில் கணக்குப் பாடம்தான் அவனுக்கு அதிகமாக மூச்சு வாங்கியது. மனைவி டவுன் பஸ் ஓட்டுநர். வாரமெல்லாம் ஊரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள். ஞாயிறு காலை கொஞ்சம் அசந்து தூங்கக் கிடைத்தால் சக்களத்தி எங்கே போனால் என்ன என்று விட்டுவிடுவாள்.

அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள் வருஷத்துக்கு ஒருமுறை மலைச்சாலை ஏறுவார்கள். கடைசி வளைவு செங்குத்து. ஒவ்வொரு வருஷமும் அதே வளைவில், அதே மைல்கல்லுக்குப் பக்கத்தில், அவன் மூச்சு முட்டிக் காலைத் தரையில் ஊன்றிவிடுவான். அதனால் அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் காலூன்றி. இந்த வருஷம் அந்தப் பெயரை மலையிலேயே போட்டுவிட்டு வருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டான். இனிப்பை விட்டான். தொப்பை பாதியாயிற்று. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற கட்டடங்களிலெல்லாம் மேல்மாடி வரை படியிலேயே ஓடினான். மெக்கானிக்கே படியேறி ஓடுவதைப் பார்த்த குடியிருப்புக்காரர்கள், நன்றாக ஓடுகிற லிஃப்ட்டில்கூட ஏறப் பயந்து நின்றார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மனைவி விழுந்தாள். நல்லவேளை, ஹாலில் சைக்கிள் தடுக்கி இல்லை. பணிமனையில், தன் பஸ்ஸின் கடைசிப் படியில், ஈரத்தில் வழுக்கி. இடது முட்டிச் சில்லு கீறல் விட்டது. வாரக்கணக்கில் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கால் மெலிந்து, முட்டி கட்டைபோல விறைத்துக் கிடந்தது. மடக்கு என்றால் மடங்காது.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. அடுத்த பரிசோதனைக்குள் முட்டி போதிய அளவு மடங்கவேண்டும். மடங்கவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்கவேண்டி வரும். அதிலும் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது. இடது கால் மடங்காதவள் கிளட்ச் மிதிக்க முடியாது. கிளட்ச் மிதிக்க முடியாதவளைப் பணிமனையில் டிக்கெட் கவுன்டரில் உட்காரவைப்பார்கள்.

அதைக் கேட்டதும் அவனுக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருமுறை அவன் அவளுடைய பஸ்ஸில் பயணியாகப் போயிருக்கிறான். ஒரு குறுகலான தெருவில் எதிரே லாரி வந்து மாட்டிக்கொண்டது. லாரிக்காரன் கையை விரித்துவிட்டான். அவள் கண்ணாடியை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவு நீள பஸ்ஸை, அத்தனை பேரோடு, இரண்டு பக்கமும் சுவருக்குக் கையளவு இடம் விட்டு, தெருமுனை வரை பின்னாலேயே எடுத்தாள். பஸ்ஸில் ஒருவரும் மூச்சு விடவில்லை. வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி கியர் போட்டுப் போய்விட்டாள். இவளா தினமும் என்னோடு சாம்பார் உப்புக்குச் சண்டை போடுகிறவள் என்று அன்று அவன் கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இருக்கையிலிருந்து அவளை இறக்குவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பெண் சின்ன வயசு, பொறுமைசாலி. "தினமும் சைக்கிள் மிதிக்கணும். ஓட்ட வேணாம், நின்ன இடத்துலயே. முதல்ல சுத்து முழுசா வராது. போற வரைக்கும் போய்த் திரும்பணும். என்னிக்கு பெடல் ஒரு முழுச் சுத்து வருதோ, அன்னிக்கு முட்டி தேறிடுச்சுன்னு அர்த்தம். மயக்க மருந்தெல்லாம் வேணாம். ஆனா எப்படி ஆரம்பிக்கணும்னா..."

"சைக்கிள் பத்தி நீங்க கவலையே படாதீங்க மேடம்," என்றான் அவன். "அத நான் பாத்துக்கறேன்."

இப்படித்தான் சக்களத்தி ஹாலின் நடுவே ஸ்டாண்டில் ஏற்றப்பட்டு, பின்சக்கரம் உருளையில் அமர, மூத்தவளின் சேவைக்கு வந்தாள். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு தோள் கொடுத்து மனைவியைச் சீட்டில் ஏற்றுவார்கள். இடது பாதத்தைத் துணியால் பெடலோடு கட்டுவார்கள். வலது கால் மிதிக்கும். இடது பெடல் பின்னாலிருந்து மெல்ல மேலே எழும்பும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ கையை வைத்துத் தடுத்தது மாதிரி, நிற்கும். வந்த வழியே திரும்பும். திரும்பும்போது டிக் டிக் டிக் என்று சில சத்தம். அப்புறம் மறுபடி முன்னே.

அவன் சும்மா இருப்பானா? சீட்டை ஏற்றினான். கால் கீழே எட்டவில்லை. இறக்கினான். மேலே இன்னும் சீக்கிரமாக நின்றது. சீட்டைப் பின்னால் தள்ளினான். மகளின் பழைய குட்டி சைக்கிளிலிருந்து குட்டையான பெடல் தண்டைக் கழற்றி இதில் மாட்டப் பார்த்தான். அது சேரவில்லை. ஹால் முழுக்க ஸ்பானரும் கிரீஸும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், மூச்ச வெளிய விடு" என்று பக்கத்தில் நின்று கத்தினான், கூட்டாளிகள் மலையில் அவனைப் பார்த்துக் கத்துவதுபோலவே.

"ஏங்க," என்றாள் அவள் ஒருநாள், நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்ட. "இது லிஃப்ட் இல்ல. முட்டி. கொஞ்சம் வாய மூடிக்கிட்டு நில்லுங்க."

அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு நின்றான். நின்றபோதுதான் பார்க்கவும் செய்தான். கால் எரிவதும் நெஞ்சு அடைப்பதும் அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் அவன் மலை ஏறுவது ஆசைக்கு. எப்போது வேண்டுமானாலும் காலை ஊன்றிக்கொள்ளலாம், மைல்கல்லில் சாய்ந்து தண்ணீர் குடிக்கலாம். இவள் காலையில் வேலை போல ஏறி உட்காருகிறாள், மாலையிலும் உட்காருகிறாள். பெடல் தடுக்கிற அந்த இடத்தில், உதடு வெளுக்க, ஒரு விரல் அகலம் கூடுதலாகப் போக முயல்கிறாள். நேற்றுப் போனது இன்று போவதில்லை. அதற்காக இறங்குவதும் இல்லை. இவளோடா இத்தனை வருஷம் இருந்தோம், இதைப் பார்க்காமலா இருந்தோம் என்று அவனுக்கு இருந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மலையேற்றம் ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனை மறுநாள் திங்கள். சனிக்கிழமை மாலை வரை பெடல் உச்சியைத் தாண்டவில்லை.

"நான் நாளைக்கு மலைக்குப் போகல," என்றான், துவைத்த துணியை மடித்துக்கொண்டே.

"ஏன்?"

"உனக்கு சைக்கிள் வேணுமே."

"என் முட்டிய சாக்கு சொல்லி அந்த வளைவுலருந்து தப்பிக்கப் பாக்கறீங்களா?"

சோபாவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள் களுக்கென்று சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் உண்மை இருந்ததால்தான்.

"காலைல நான் ஒரு தடவ மிதிச்சுட்டு இறங்கிடறேன்," என்றாள் அவள். "அப்புறம் நீங்க கழட்டிட்டுப் போங்க. வர்றது இனிமே ஒரு நாள்லயா வரப் போகுது. மயக்க மருந்துன்னா மயக்க மருந்து." சொல்லிவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் பயந்து அவன் பார்த்ததில்லை. அன்று பார்த்தான். மடித்த சட்டையையே மறுபடி மடித்தான்.

காலையில் அவன் இறுக்கமான சைக்கிள் உடுப்பு, அடியில் தகடு வைத்த ஷூ எல்லாம் மாட்டித் தயாரானான். அவளை ஏற்றி உட்காரவைத்து, பாதத்தைக் கட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பச் சமையலறைக்குப் போனான். கூட்டாளிகள் தெருவுக்கு வருகிற நேரம். ஹாலில் உருளை ஒரு தரம் உறுமி நின்றது. முன்னே போய்த் தடைபட்டிருக்கிறது. அப்புறம் டிக் டிக் டிக். திரும்புகிறாள். இதோ நிற்கும் என்று அவன் காது எதிர்பார்த்த இடத்தில் அது நிற்கவில்லை.

டிக் டிக் டிக் டிக் என்று போய்க்கொண்டே இருந்தது. மெதுவாக, இடையில் ஒரு நொடி தயங்கி, மறுபடி. ஞாயிறு மாலையில் எண்ணெய் விடும்போது மட்டும் அந்த வீட்டில் கேட்கும் சத்தம். பாட்டில் நிரம்பி வழிந்தது. குழாயை மூடவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. அத்தனை நேரம் விடாமல் அடிக்க வேண்டுமென்றால் பெடல் எங்கே போய் எங்கே வரவேண்டும் என்று அவனைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஹாலுக்கு ஓடினான். அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கட்டிய இடது பாதம் முன்பக்கமாக மேலே ஏறியது. உச்சிக்கு வந்தது. அவள் இடுப்பு சற்றே தூக்கிக் கொடுத்தது. பாதம் உச்சியைக் கடந்து பின்பக்கம் இறங்கியது. கீழே போயிற்று. மறுபடி முன்னே வந்தது.

"பின்னாடி சுத்தறாங்கப்பா," என்றாள் மகள் கிசுகிசுப்பாக, சட்டம் மீறுவதைக் காட்டிக்கொடுக்கிற குரலில்.

அவள் கண்ணைத் திறந்தாள். "முன்னாடி வழி அடைச்சிருந்துச்சு," என்றாள் மூச்சு வாங்க. "அதான் ரிவர்ஸ் எடுத்தேன். அந்த பிசியோ பொண்ணு அன்னிக்கு இதத்தான் சொல்ல வந்துச்சோ என்னமோ. நீங்க எங்க பேச விட்டீங்க?"

பின்பக்கம் சுற்றினால் சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகராது. அதனாலேயே அதை ஒரு பொருட்டாக அவன் நினைத்ததில்லை. எத்தனை ஸ்பானர், எத்தனை சீட் உயரம். இங்கே இவள் நகராத சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, அவன் ஏறியே இராத ஓர் இடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட அவன் அப்படி நின்றதில்லை.

சில சுற்றுக்குப் பிறகு அவள் நிறுத்தினாள். "இப்ப முன்னாடி," என்றாள், தனக்குத்தானே.

வலது கால் அழுத்தியது. இடது பெடல் பின்னாலிருந்து எழும்பி அந்தப் பழைய இடத்துக்கு வந்தது. நின்றது. அவள் பல்லைக் கடித்தாள். பெடல் மெல்ல நகர்ந்து, உச்சி ஏறி, அந்தப் பக்கம் விழுந்தது. உருளை உறுமியது. இந்தத் தடவை உறுமல் நிற்கவில்லை. சக்கரம் ஓடியது.

கீழே தெருவில் மணிச் சத்தம். ஒன்றல்ல, நாலைந்து. "காலூன்றி, கெளம்பியாச்சா?" என்று ஒரு குரல் மேலே வந்தது.

அவன் அப்படியே தரையில், சைக்கிள் பக்கத்தில், அந்த உடுப்போடு உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் முட்டியதை மறைக்கவும் இல்லை. மகள் அவனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பால்கனிக்கு ஓடினாள். தொங்கிய சக்கரத்தை ஒதுக்கிவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா வரல அங்கிள். சைக்கிள் அம்மாகிட்ட இருக்கு."

"என்னது?"

"அம்மா ஓட்டிட்டிருக்காங்க."

அவள் மிதிப்பதை நிறுத்தி, பாதத்தின் கட்டை அவிழ்க்கக் குனிந்தாள். "போதும். புடிங்க, இறங்கறேன். பாவம், அவங்க உங்களுக்காக நிக்கறாங்க. மலைக்குப் போங்க."

அவன் அவள் கையை எடுத்துக் கைப்பிடியிலேயே திரும்ப வைத்தான்.

"இறங்காத," என்றான். "இன்னொரு சுத்து."