ஹர்மா ஏரியை வடித்த கதை

ஆகஸ்ட் மாதமே உறைபனி இறங்கி எங்கள் கரேலியாப் பக்கம் முழுக்க ரை தானியக் கதிர்கள் கருகிப்போன வருஷம் அது. பைன் மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டோம். மனிதர்கள் எதையோ தின்று பிழைத்துக்கொண்டோம். மாடுகளுக்குத்தான் புல் இல்லை. குளிர்காலம் முடிவதற்குள் வல்புரியின் வீட்டில் இரண்டு பசுக்கள் படுத்தவை எழுந்திருக்கவில்லை. இரண்டாவதைத் தோலுரித்த அன்று, கையைக்கூடக் கழுவாமல், ஹர்மா ஏரியின் கரையோர வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"ஏரியை இறக்கணும்" என்றாள்.

அவள் புருஷன் ஏனோக் சிரித்தான். "எல்லாரும் குடிச்சுத் தீர்த்துடலாமா?"

"நீ குடிக்கிற வேகத்துக்கு அதுவும் நடக்கும்யா. நான் சொல்றது மேட்டை வெட்டுறது."

ஹர்மா ஏரிக்கும், தெற்கே வெகு தாழ்வில் கிடக்கும் கீழேரிக்கும் நடுவில் ஒரே ஒரு மணல்மேடுதான், குதிரை முதுகுபோல நீண்டு கிடக்கும். ராட்சசனின் மூட்டை கிழிந்து கொட்டிய மணல் என்பார்கள் ஊரில். நோவா காலத்து வெள்ளம் ஒதுக்கியது என்பார் பாதிரியார். யார் கொட்டியிருந்தால் என்ன, அதைப் பிளந்தால் ஹர்மாவின் தண்ணீர் இறங்கும், கரையோரம் மேய்ச்சல் நிலமாகும்.

எதிர்த்தவன் ஒருவன்தான். மேட்டின் அடிவாரத்தில் மாவு ஆலை வைத்திருந்த இவரி. ஹர்மாவிலிருந்து மேட்டைச் சுற்றி வரும் ஓடைதான் அவன் சக்கரத்தைச் சுழற்றியது.

"ஓடை வத்திப்போனா சக்கரத்தை என் பொண்டாட்டி சுத்துவாளா?"

"புது வாய்க்கால்ல உனக்கு இடம் விடுறோம்ண்ணே."

"மாடு செத்த துக்கத்துல பேசுற. போ, போய்ப் படு."

அவள் படுக்கவில்லை. பனி உருகியதும் மண்வெட்டியோடு முதலில் மேட்டில் ஏறியவள் அவள்தான். வேறு வழி தெரியாமல் நாங்களும் பின்னால் போனோம். இரண்டு கோடைகள் வெட்டினோம். ஏரிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மண்ணை விட்டுவைத்து, அதற்கு முன்னால் கட்டைகளால் ஒரு மதகு கட்டினோம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் எங்கள் எண்ணம்.

அந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்தது. மே மாதம் அத்தனையும் ஒரே மூச்சில் உருகியது. மதகின் அடியில் தண்ணீர் கசிவதைப் பார்க்க எல்லோரும் ஓடினோம். கசிந்த தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியிருந்தது.

"இன்னும் கட்டை போட்டா நிக்கும்" என்றான் ஏனோக்.

வல்புரி குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தினாள். உள்ளங்கையில் மணல் தங்கியது. "நிக்காது. உள்ளேயிருந்து அரிக்குது. எல்லாரும் மேல ஏறுங்க." சொல்லிவிட்டு அவள் மட்டும் சரிவில் கீழே ஓடினாள்.

இவரி ஆலை வாசலில் உட்கார்ந்து கல்லைக் கொத்திக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"என்னைக் கிளப்புறதுக்குப் புதுத் தந்திரமா? வேற ஆளைப் பாரு."

வல்புரி நேரே அவன் வீட்டுக்குள் போனாள். தொட்டிலில் தூங்கிய கைக்குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தாள்.

"அய்யோ, எம் பிள்ளை!" என்று இவரியின் மனைவி லோவீசா பின்னால் ஓடினாள்.

"அடியே திருடி! எங்கடி தூக்கிட்டுப் போற?" உளியை வீசிவிட்டு இவரியும் துரத்தினான். பாதிச் சரிவில் அவள் சடையைப் பிடித்தே விட்டான். அவள் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஏறினாள்.

பிடித்த பிடி விடாமலே நின்றான், மேடு உடைந்தபோது. முதலில் ஒரு பெருமூச்சுபோலத்தான் கேட்டது. பிறகு பைன் மரங்கள் நின்ற வாக்கிலேயே நகர்ந்தன. ஆலை, வீடு, படகு எல்லாம் கீழேரிக்குள் போயின. இவரி கையைத் தளர்த்தினான். லோவீசா குழந்தையை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"உன்னை மன்னிக்கவே மாட்டேன்" என்றான் இவரி.

"வேண்டாம். இப்போ எங்க வீட்டுக்கு வாங்க. பிள்ளை நனைஞ்சிருக்கு."

தண்ணீர் நாள்கணக்கில் ஓடியது. நின்றபோது ஹர்மா பாதியாகச் சுருங்கியிருந்தது. நிலத்தைப் பங்குபோடக் கூடியபோது, வெட்ட வராதவனுக்கு எதற்குப் பங்கு என்றோம். ஏனோக்கும் அதையேதான் சொன்னான்.

"அவன் ஆலை நம்மாலதான் போச்சு" என்றாள் வல்புரி. "முதல் பங்கு அவனுக்கு. ஒத்துக்காதவங்க அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

இவரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை.

முதல் கோடையில் புல் முளைக்கவில்லை. செத்த மீன் நாற்றம்தான். "சேத்து மகாராணி" என்று அவளைக் கேலி செய்தோம். "மகாராணிக்கு ஒரு மண்வெட்டி கொடுங்க" என்று சொல்லிவிட்டு, சேற்றில் வடிகால் வெட்டப் போய்விட்டாள். மறுவருஷம் கோரை தழைத்தது. முழங்கால் சேற்றில் நின்று அறுத்தோம். அந்தக் குளிர்காலத்தில் எந்த வீட்டிலும் பசு பட்டினியில் சாகவில்லை.

மேடு உடைந்த இடத்தில் பிறந்த புது ஆறு பழைய ஓடையைவிட வேகம். அதன் கரையில் இவரி ஆலை கட்டினான். நாங்கள் கட்டை சுமந்தோம். அவன் கோபம் மட்டும் ஆறவில்லை. வல்புரி மூட்டையோடு போனால், எவ்வளவு சீக்கிரம் போனாலும், அவளுக்குக் கடைசியாகத்தான் அரைத்துக் கொடுப்பான். அவள் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருப்பாள்.