ஆறு மணி நேர வித்தியாசம்

பூமத்திய ரேகையை ஒட்டிய ம்வான்ஸாவில் எங்களுக்குப் பொழுது விடிந்த பிறகுதான் மணி எண்ணத் தொடங்கும். ஊர் உலகத்துக்குக் காலை ஏழு என்றால் எங்களுக்கு ஒன்று. கைபேசி அலாரச் செயலிக்கு அது தெரியவில்லை.

குல்வா, பெண் வீட்டாரைப் பார்க்க உகெரெவே தீவுக்குப் போகவேண்டிய நாளில், "மாலை பத்து மணி" என்று எங்கள் சுவாஹிலி மொழியில் அலாரம் தட்டிவிட்டு மதியத் தூக்கம் போட்டான். ஊர் உலகக் கணக்கில் அது மாலை நான்கு மணி. செயலி இரவு பத்துக்கு அடித்தது. படகு எப்போதோ போயிருந்தது.

"அக்கா, நீதானே இந்தச் சனியனை என் தலையில கட்டின!" என்று நியாமிஸியிடம் பாய்ந்தான்.

"பட்டப்பகல்ல குறட்டை விட்டது நானா?"

பெண் வீட்டார் சிரித்துவிட்டு வேறு நாள் கொடுத்தார்கள். நியாமிஸிக்குத்தான் ஆறவில்லை. அவள் மென்பொருள் எழுதுகிறவள். அதுவோ யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பக்கூடிய திறந்தமூலச் செயலி. சுவாஹிலியில் தட்டினால் ஆறு மணி நேரம் கூட்டிக்கொள்ளும்படி எழுதி அனுப்பினாள்.

செயலியைப் பராமரிக்கும் யூஹா பின்லாந்துக்காரர். எல்லோரும் பார்க்கும் பக்கத்திலேயே கேட்டார்: "சூரியன் உதிக்கிறதை வெச்சா கணக்கு? எங்க ஊர்ல டிசம்பர்ல அது ஒன்பது மணிக்கு மேலதான் எட்டிப் பார்க்கும். அப்போ கடிகாரம் என்ன பண்ணும்?"

"எங்க சூரியன் ஒழுங்கானவர். வேலைக்கு லேட்டா வரமாட்டார்," என்று பதில் போட்டாள் நியாமிஸி.

முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். யூஹா அசரவில்லை. "சரி, இது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கிற சோதனை நிரலும் எழுதுங்க. அது இல்லாம செயலியில சேர்க்கமாட்டேன்." முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். சேர்த்தார்.

அந்த வாரக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு செய்தி. "நீங்க எழுதினதைச் சோதிக்க என் போனை சுவாஹிலிக்கு மாத்தினேன். திருப்பி மாத்த மறந்துட்டேன். மாமியார் வர்ற ரயில் காலை பத்து மணிக்கு. பத்துன்னு தட்டினேன். அலாரம் அடிச்சது சாயங்காலம் நாலுக்கு. பனியில நின்னிருக்காங்க."

நியாமிஸி செய்தியைத் திரும்பப் படித்தாள். எழுதியதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடுவாரோ?

"நீங்க எழுதினது சரி. தப்பு என்மேல," என்றது அடுத்த வரி. "ஆனா இதுக்கு ஏதாவது பண்ணுங்க."

அவள் ஒரு சின்ன வரி சேர்த்தாள்: அலாரம் வைத்தவுடன், 'இன்னும் இத்தனை மணி நேரத்தில் அடிக்கும்' என்று திரையில் சொல்லும். அனுப்பிவிட்டு யூஹாவுக்காகக் காத்திருந்தாள்.

முதலில் வந்தது யூஹா அல்ல. அன்றுதான் அந்தப் பக்கத்தில் கணக்குத் தொடங்கிய யாரோ ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "நான் அவரோட மாமியார். இதை உடனே சேர்க்கச் சொல்லுங்க."

சோதனை கேட்காமல் யூஹா எதையாவது சேர்த்தது அன்றுதான்.