திருப்பி ஊற்றிய தண்ணீர்

ஜஹானாராவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்து மெல்லிய குரலில், "நானா, கொஞ்சம் மேல வாங்க" என்று அவள் கூப்பிட்டதுமே, அண்ணன் நவ்சாத் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மலேசியாவின் கோத்தா திங்கியில் அவர்களுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை, மேலே வீடு. கடை நவ்சாத்துடையது. வீட்டுக் கூடத்திலிருக்கும் மீன்தொட்டி ஜஹானாராவுடையது. அதில் தட்டு மாதிரி வட்டமாக ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன். ஒரு வருஷமாக முட்டையிடுவதும் அதைத் தாங்களே தின்றுவிடுவதுமாக அவளை அழவைத்த ஜோடி, இப்போதுதான் முதல் தடவையாகக் குஞ்சு வளர்க்கத் தொடங்கியிருந்தது. டிஸ்கஸ் குஞ்சுக்குத் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்புதான் சாப்பாடு. பெரியவை பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். பொடிசுகள் மேலே அப்பிக்கொண்டு மேயும். அதைப் பார்ப்பதற்காகவே கிளினிக் வேலை முடிந்ததும் ஓடிவருவாள்.

அந்தக் குஞ்சுகளுக்குக் குழாய்த் தண்ணீர் நேராக ஆகாது. அதிலிருக்கும் குளோரின் செவுளைப் பொசுக்கிவிடும். அதனால் மாடிப் பின்கட்டில் பீப்பாய் மாதிரியான பெரிய நீலத் தோங்கில் தண்ணீரைப் பிடித்து, காற்றுக்குழாய் விட்டு, இரண்டு மூன்று நாள் குமிழியிட வைத்த பிறகே தொட்டிக்கு மாற்றுவாள். இதை நவ்சாத்திடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவரும் தலையாட்டியிருக்கிறார். அவர் தலை எதற்குத்தான் ஆடாது? கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஆடிப் பழகிய தலை.

அன்று காலையிலிருந்து ஊரில் தண்ணீர் இல்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து பிரியாணிக்கு வரப்போகும் கூட்டம் நவ்சாத்தின் ஞாபகத்துக்கு வந்தது. தங்கையின் தோங்கும் வந்தது. அவள் வேலைக்குப் போனதும் வாளி வாளியாகக் கீழே இறக்கினார். அரிசி வெந்தது, தட்டு கழுவியாயிற்று, வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் திரும்பியதும் அவர் செய்ததுதான் அவருக்கே உரிய வேலை. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளாத மனிதர் அல்லவா! தோங்கைப் பழைய மட்டத்துக்கு நிரப்பினார். அதையும் குழாய் வாயில் புது வெள்ளைத் துணி கட்டி, வடிகட்டி நிரப்பினார். காற்றுக்குழாயை முன்போலவே உள்ளே விட்டு மூடியைப் போட்டார். தொட்டதே தெரியாது.

ஜஹானாரா வந்தாள். மூடியைக் கொஞ்சம் தள்ளி, சின்ன மோட்டாரை உள்ளே இறக்கி, பாதித் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினாள். தொட்டியிலிருந்து குளோரின் வாடை மூக்கில் ஏறியபோது குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுழன்று விழத் தொடங்கியிருந்தன. குளோரினை முறிக்கும் மருந்தை அள்ளிப் போட்டாள். பெரியவை திணறித் திணறிப் பிழைத்துக்கொண்டன. குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. மாடிப்படி ஓரம் போய் அண்ணனைக் கூப்பிட்டாள்.

மேலே வந்த நவ்சாத் நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. கூட்டம் வந்ததைச் சொன்னார், துணி கட்டியதைச் சொன்னார். மீன்தானே, ஜோகூர் பாருவில் இதைவிட நல்ல சாதியாக வாங்கித் தருவதாகவும் சொன்னார். மீன்தானே! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எடுத்த அளவு திருப்பி ஊத்திட்டேன் லா. ஒரு குவளைகூடக் குறையல. அல்லாவுக்குத் தெரியும்."

"எனக்குத்தான் தெரியல. ஒரு போன் பண்ணியிருந்தா என்ன, நானா?"

"கேட்டா நீ தரமாட்டே."

ஆக, தர மாட்டாள் என்று தெரிந்தேதான் எடுத்திருக்கிறார். அதுவரை அறியாமல் செய்துவிட்டார் என்று ஒரு மூலையில் அவருக்காக மிச்சம் வைத்திருந்த இரக்கமும் அவளிடம் அற்றுப்போனது. குரல் இன்னும் இறங்கியது.

"ஆமா, தந்திருக்க மாட்டேன். திருடன்னா தோங்கைக் காலியா விட்டுட்டுப் போயிருப்பான். நீங்களும் அப்படி விட்டிருந்தீங்கன்னா என் குஞ்சுங்க உயிரோட இருந்திருக்கும். உங்க மனசு சுத்தமா இருக்கணும்னு நிரப்பி வச்சீங்க. அதுதான் கொன்னுச்சு."

நவ்சாத் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தொட்டிப் பக்கம் திரும்பினார். பெரிய மீன்கள் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து, துடுப்பை மடக்கி, அசையாமல் நின்றன. அவையும் சாகப் போகின்றனவா என்று பயந்துபோய்க் கேட்டார்.

"இல்ல," என்றாள் ஜஹானாரா. "பிள்ளைங்கள சாப்பிடக் கூப்பிடுதுங்க."